தொப்பி பறக்கும் வரை

காலை எட்டு மணிக்குப் பாக்கியத்தாய் கடற்கரையில் பன்னிரண்டு சாய்வு நாற்காலிகளை விரித்துப் போட்டாள். உட்கார ஆள் வராது என்பது அந்த நாற்காலிகளுக்கே தெரியும். இருந்தாலும் தினமும் விரித்து மடக்காவிட்டால் உப்புக் காற்றில் கீல் துருப்பிடித்துவிடும். புக்கெட் தீவின் கரோன் கடற்கரையில், கண்ணுக்கு எட்டிய மணல் முழுக்க, அன்றைக்கு இருந்தவை அவளுடைய நாற்காலிகளும், நாலைந்து நண்டுகளும், மழைக்காலத்தில் கடலில் இறங்கக் கூடாது என்று நட்டிருந்த சிவப்புக் கொடிகளும்தான்.

ஒரு காலத்தில் இதே மணலில் கால் வைக்க இடம் கிடைக்காது. அவளும் கணவன் சந்தனராஜும் தூத்துக்குடியிலிருந்து வந்து மெஸ் போட்ட புதிதில், ரஷ்யாக்காரர்களும் ஜெர்மானியர்களும் தோசைக்கு வரிசையில் நின்றார்கள். பிறகுதான் ஏறுநினைவு வந்தது. ஊர் ஊருக்கு நினைவேற்று நிலையம் திறந்தார்கள். ஈரோடு பேருந்து நிலையத்துக்குப் பின்னால் நாற்பது நிமிடம் கண்ணை மூடிப் படுத்தால் போதும். எழுந்திருக்கும்போது புக்கெட்டில் ஐந்து நாள் இருந்துவிட்டு வந்த ஞாபகம் மண்டைக்குள் இருக்கும். 'லோடு போட்டுட்டு வந்தேன்' என்பார்கள். தோல் கறுக்காது, வயிறு கெடாது, மேனேஜரிடம் லீவுக்குப் பல்லைக் காட்ட வேண்டாம்.

ஊரை ஜனங்கள் மறந்திருந்தால் விளம்பரம் செய்து நினைவூட்டியிருக்கலாம். இங்கே கதையே வேறு. எல்லோருக்கும் கரோன் நன்றாக நினைவிருந்தது, அதனாலேயே யாரும் வரவில்லை. சில வருடங்களுக்குள் கடற்கரை ஓட்டல்கள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. படகுக்காரர்கள் மீன் பிடிக்கத் திரும்பினார்கள். மசாஜ் கடைகளில் கோழி வளர்த்தார்கள்.

மணி ஒன்பதுக்கு அவளுடைய கைப்பேசி சிணுங்கியது. 'இன்று பதினொரு மணிக்கு ஒரு நினைவாளர் வருகிறார். பெயர் சென்னியப்பன். ஊர் ஈரோடு.' பாக்கியத்தாய் பெருமூச்சு விட்டுவிட்டுக் கண்ணாடி முன் நின்று சிரித்துப் பார்த்தாள். அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்த நொக் இதைப் பார்த்து வாய்க்குள் சிரித்தாள். நொக் அந்த ஊர்ப் பெண், மீனவக் குடும்பம். பதினான்கு வருடம் மெஸ்ஸில் வேலை செய்து, தூத்துக்குடித் தமிழைத் தனக்குத் தோதாக வெட்டிச் சுருக்கிப் பேசுவாள்.

நினைவாளர் என்றால், லோடு போட்டுக்கொண்டது போதாமல் நேரிலும் பார்க்க ஆசைப்பட்டு வருகிறவர். மாதக்கணக்கில் ஒருவரும் வரமாட்டார், திடீரென்று ஒருவர் வந்து நிற்பார். அவர்களுக்குப் பாக்கியத்தாயை நன்றாகத் தெரியும். ஒன்பது வருடத்துக்கு முன்பு ஒரு கோயம்புத்தூர்க்காரர் காதுக்குப் பின்னால் ஏதோ பொத்தானை ஒட்டிக்கொண்டு ஐந்து நாள் அவள் மெஸ்ஸில் சாப்பிட்டார். போட்டோ விவகாரம் என்று நினைத்து அவளும் சந்தனராஜும் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அந்த ஐந்து நாளைத்தான் பிறகு பதினொரு லட்சம் பேர் தங்கள் தலையில் ஏற்றிக்கொண்டார்கள். பாக்கியத்தாய் இப்போது சட்டப்படி ஓர் உள்ளாள், அதாவது பிறர் நினைவுக்குள் இருக்கும் ஆள்.

உள்ளாளுக்கு ஒரே விதிதான்: வருகிறவரின் நினைவை மறுக்கக் கூடாது. வேறொரு கடற்கரை ஊரில், ஓட்டல் பணியாள் ஒருவன் விருந்தினரிடம் "உங்களை நான் பார்த்ததே இல்லையே" என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டான். அந்த மனிதர் ஊருக்குப் போய், தன் மனைவியைக் கட்டிக்கொண்டது நிஜமா, அதுவும் ஏற்றியதா என்று கேட்டுக் கேட்டு ஆஸ்பத்திரியில் படுத்தார். நினைவு முறிவு என்று அதற்குப் பேர் வைத்தார்கள். அதற்குப் பிறகு எல்லா உள்ளாட்களுக்கும், என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அச்சடித்த ஓர் அட்டையைக் கொடுத்துவிட்டார்கள்.

பாக்கியத்தாயின் அட்டையில் நான்காவது வரி இது: 'கணவரைக் கேட்டால், பாங்காக் போயிருக்கிறார்.' வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். எல்லோரிடமும் அதையே சொன்னாள். சொன்ன கையோடு சூடாக ஒரு கரண்டி குழம்பை இலையில் ஊற்றிவிடுவாள். சூடான சோறு வாய்க்குள் போனால் பேச்சு வெளியே வராது.

சந்தனராஜ் பாங்காக்கில் இல்லை. ஒன்பது வருடத்துக்கு முன்பு, கோயம்புத்தூர்க்காரர் ஊருக்குக் கிளம்பிய அதே நாள், சிவப்புக் கொடி பறந்த கடலில் அவர் இறங்கினார். இரண்டு நாள் கழித்துப் பக்கத்துக் கடற்கரையில் ஒதுங்கினார். இருபது வருடம் கடலில் நீந்தியவர் கொடி பறக்கும்போது காரணமில்லாமல் இறங்கமாட்டார் என்று போலீஸ்காரர் சொன்னார். வீட்டில் ஏதாவது தகராறா என்றும் கேட்டார். அன்று காலை பாக்கியத்தாய் ஒன்றுமில்லாத விஷயத்துக்கு, தேங்காய் வாங்கிவர மறந்ததற்கு, "எங்கயாவது போய்த் தொலைங்க" என்று கத்தியிருந்தாள். நம் வீடுகளில் நாளுக்கு நாலு தரம் புழங்குகிற சொல்தான். அவர் போய்த் தொலைந்துவிட்டார். அன்றிலிருந்து அந்தச் சொல் அவள் வாயில் வந்ததில்லை, பூனையைக்கூட அப்படி விரட்டியதில்லை.

அந்த ஐந்து நாளை இலவசமாக ஏற்றிக்கொள்ள உள்ளாட்களுக்கு ஆண்டுதோறும் ஓர் அனுமதிச் சீட்டு வரும். அதை அரிசி டின்னுக்கு அடியில் தள்ளிவிடுவாள். அந்தக் கடைசி நாளில் அவருடைய முகம் எப்படி இருந்தது என்று பார்க்க அவளுக்குப் பயம்.

சென்னியப்பன் சொன்ன நேரத்துக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும், சாயப்பட்டறை வைத்திருப்பவர். உள்ளே நுழைந்ததும் கண் கலங்கி, ஓரத்து மேசையைத் தடவிப் பார்த்து, அங்கேயே உட்கார்ந்தார். "ஏனுங்க்கா, முழங்கால் வலி தேவலைங்களா?" என்றார். தேவலை என்றாள். உப்பு ஜாடி எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நொக் தலையில் பூ வைப்பதை விட்டுவிட்டாளே என்று வருத்தப்பட்டார். பிறகு, எதிர்பார்த்தபடியே, அண்ணன் எங்கே என்று கேட்டார்.

"பாங்காக் போயிருக்காக" என்று சொல்லிவிட்டுப் பாக்கியத்தாய் குழம்புக் கரண்டியைத் தூக்கினாள்.

"வரட்டுங்க, வரட்டுங்க. என்ற தொப்பி அவருகிட்டத்தான் இருக்குது. நீலத் தொப்பிங்க. உள்ளுக்குள்ள கிழிஞ்ச எடத்துல சிவப்பு நூல்ல நானே தெச்சிருந்தேன்."

கரண்டி அந்தரத்தில் நின்றது. குழம்பு மேசை விரிப்பில் சொட்டியது. போலீஸ் கொடுத்த பையில் சந்தனராஜின் சட்டை, அரைஞாண், மோதிரம் இவற்றோடு ஒரு நீலத் தொப்பியும் இருந்தது. சட்டைக்குள் செருகியிருந்ததாகச் சொன்னார்கள். அவர் தொப்பியே போடமாட்டார். எங்கேயோ கடலில் மிதந்தது சிக்கியிருக்கும் என்று நினைத்து, ஒன்பது வருடமாகப் பெட்டிக்குள் வைத்திருக்கிறாள். அதன் உள்பக்கத்துச் சிவப்புத் தையலைப் பல தரம் தடவிப் பார்த்திருக்கிறாள்.

அட்டையில் இதற்கு வரி இல்லை. "அந்தத் தொப்பி எப்படி அவுக கைக்குப் போச்சு?" என்று கேட்டாள். தன் குரல் வேறு யாருடையதோ போல அவளுக்குக் கேட்டது.

சென்னியப்பன் சந்தோஷமாகச் சொன்னார். கிளம்புகிற நாள், மத்தியானம், வேனுக்காகக் கடற்கரையில் காத்திருந்தாராம். சந்தனராஜ் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தாராம். காற்று தொப்பியைப் பிடுங்கி அலையில் போட்டுவிட்டதாம். ஐயோ என் தொப்பி, கொஞ்சம் எடுத்துக் கொடுங்களேன் என்று இவர் கேட்க, பத்து எட்டுதானே என்று அவர் இறங்கினாராம்.

"கொஞ்சம் தூரம் போயிருச்சுங்க. ஆனா புடிச்சுட்டாரு. அலைக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டுத் தொப்பியத் தூக்கித் தூக்கிக் காட்டுனாருங்க. அதுக்குள்ள வேன்காரன் ஹாரன் அடிச்சுட்டான். நீங்களே வெச்சுக்கோங்க, அடுத்த தடவை வாங்கிக்கறேன்னு நானும் கைய ஆட்டிட்டு வண்டியேறிட்டனுங்க."

அடுப்படியில் நொக்கின் கையிலிருந்த தட்டு விழுந்து உடைந்தது. கடலில் ஓர் ஆள் கையைத் தூக்கித் தூக்கி அசைத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று மீனவக் குடும்பத்துப் பெண்ணுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பாக்கியத்தாய்க்குப் புரிய இன்னும் ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கோயம்புத்தூர்க்காரரும் கையசைத்துவிட்டு விமானம் ஏறியிருக்கிறார். பதிவு அங்கேயே முடிந்துவிட்டது. பதினொரு லட்சம் பேர் தலைக்குள் அவள் புருஷன் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார், பதினொரு லட்சம் பேரும் சிரித்தபடி கையசைத்துவிட்டு வண்டி ஏறுகிறார்கள்.

ஏன் செய்கிறோம் என்று தெரியாமலே உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து தொப்பியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். சென்னியப்பன் குழந்தை மாதிரி சிரித்தார். எடுத்துத் திருப்பித் தையலைப் பார்த்துவிட்டுத் தலையில் மாட்டிக்கொண்டார். அப்புறம்தான் எதிரில் நிற்கும் இரண்டு பேரின் முகத்தையும் பார்த்தார்.

"ஏனுங்க்கா, என்னாச்சுங்க?"

சொல்ல வேண்டாம் என்று பாக்கியத்தாய் தலையசைத்தாள். நொக் சொல்லிவிட்டாள். "அண்ணன் பாங்காக் இல்ல. அண்ணன் அன்னைக்கே கடல்ல செத்துப் போச்சு."

சென்னியப்பன் தொப்பியைக் கழற்றினார். அதைக் கீழே வைக்கவும் தெரியவில்லை, கையில் வைத்திருக்கவும் தெரியவில்லை. "நாந்தானுங்க அனுப்பிச்சேன்" என்றார். அதையே மூன்று தரம் சொன்னார்.

"நீங்க இல்ல. நீங்க அன்னைக்கு இங்கன இல்லவே இல்ல. உங்கள நான் இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றாள் பாக்கியத்தாய். எந்தச் சொல்லைச் சொல்லவே கூடாது என்று அட்டை எச்சரித்திருந்ததோ அதையே சொன்னாள். அந்த மனிதரைத் தேற்ற அவளுக்கு வேறு சொல் இல்லை.

"அது தெரியுதுங்க. காசு குடுத்துப் படுத்து ஏத்திக்கிட்டதுதானுங்களே. ஆனாலும் என்ற ஞாபகத்துல நாந்தானுங்க நிக்கறேன். என்ற கைதானுங்க தொப்பியக் காட்டுது."

பிறகு பாக்கியத்தாய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். நினைவாளர் எதிரில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. "இறங்குததுக்கு முன்னால அவுக எதுவும் சொன்னாகளா? என் மேல கோவமா இருந்தாகளா?"

அவர் கண்ணை மூடித் தேடினார். "கோவமெல்லாம் இல்லீங்க. சிரிச்சுக்கிட்டேதான் நாற்காலிய மடக்குனாருங்க. 'காலைல வீட்ல ஒருத்தி போய்த் தொலைங்கன்னுட்டா. பாதி நாள் தொலைஞ்சாச்சு, போதும். மாம்பழம் வாங்கிட்டுப் போய்ச் சமாதானம் பண்ணணும், அவளுக்கு மாம்பழம்னா உசிரு'ன்னாருங்க. அப்பத்தானுங்க காத்தடிச்சுது."

பாக்கியத்தாய் வாய்விட்டு அழுதாள். ஒன்பது வருடமாக அவள் நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லை எடுத்துப் போட அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. இத்தனை வருடத்தில் முப்பது நாற்பது பேர் அதைத் தலைக்குள் சுமந்துகொண்டு விமானம் ஏறி வந்து, இதே மேசையில் உட்கார்ந்து, "அண்ணன் எங்கே" என்று ஆரம்பித்திருக்கிறார்கள். இவள்தான் சூடான குழம்பை ஊற்றி அவர்கள் வாயை அடைத்து அனுப்பியிருக்கிறாள். அவளுக்குத் தன்மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

நொக் அரிசி டின்னை நகர்த்தி அடியிலிருந்த சீட்டுகளைக் கொண்டுவந்து நீட்டினாள். நாற்பது நிமிடம் படுத்தால் சந்தனராஜைப் பார்க்கலாம். அவர் குரலைக் கேட்கலாம், அந்தச் சிரிப்பை, மாம்பழப் பேச்சை. பாக்கியத்தாய் சீட்டை வாங்கினாள். வாங்கிய பிறகுதான் மீதியும் உறைத்தது. ஏற்றிக்கொண்டால் பார்த்தது மட்டும் தனியாக வராது. தொப்பியை எடுத்துத் தரச் சொன்னவளும் அவளாகிவிடுவாள். அலைக்கு அந்தப் பக்கம் அவர் கையைத் தூக்கும்போது சந்தோஷமாகக் கையசைத்துவிட்டு வேன் ஏறப்போகிறவளும் அவளேதான். சாகிறவரைக்கும் அந்த ஞாபகம் அவளுடையதாக இருக்கும்.

சீட்டுகளை நொக்கிடமே திருப்பிக் கொடுத்தாள். அடுப்பில் போடச் சொன்னாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆறிப்போன இலையைத் தள்ளிவைத்தாள்.

"அண்ணாச்சி, அன்னைக்குக் காலைல அவுகள மொதல்ல எங்கன பாத்தீக? அங்கேருந்து எல்லாத்தையும் சொல்லுங்க. தொப்பி பறக்குததுக்கு முன்னால நிறுத்திருங்க."

சென்னியப்பன் தலையசைத்தார். காலையில் சந்தனராஜ் லுங்கியை மடித்துக் கட்டியிருந்ததிலிருந்து ஆரம்பித்தார். என்ன பாட்டை முணுமுணுத்தார், எந்த நாற்காலியின் கீலுக்கு எண்ணெய் போட்டார், யாரைப் பார்த்துக் கண் சிமிட்டினார் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். மாம்பழத்துக்கு வந்தார். காற்றுக்கு வந்தார். நிறுத்தினார்.

வெளியே ஆளில்லாத கடற்கரையில் பன்னிரண்டு நாற்காலிகளும் விரித்தபடி கிடந்தன.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள் பாக்கியத்தாய்.