வேலி நகர்ந்த வீடு

மத்தியான மூடுபனிக்குள் தெல்மாவின் வண்டி வந்து நின்றபோது, எல்லரிக் கிழவர் வேலிக்கால்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

எவனோ மறுபடியும் வேலியை வீட்டுப் பக்கம் தள்ளி நட்டுவிட்டான் என்றார். வா என்றுகூடச் சொல்லவில்லை.

தெல்மா அவருடைய தம்பி லோர்னின் மகள். பிரின்ஸ் எட்வர்ட் தீவின் இந்தச் செம்மண் மேட்டில், வருஷா வருஷம் கரையோர வேலியைப் பின்னுக்கு இழுத்து நடுவது லோர்ன்தான். அலை அடியில் குடைந்துகொண்டே போகும்; மேலே புல் பச்சையாகவே இருக்கும். எதுவரை கால் வைக்கலாம் என்பதை வேலிதான் காட்டும். போன வசந்தத்தில் அந்தப் பச்சை சரிந்தபோது அதோடு லோர்னும் கடலுக்குள் போனான். உடம்பு கிடைக்கவில்லை. எல்லரி அழவில்லை. உருளைக்கிழங்கு நடுகிற வேலை கிடந்தது.

இப்போது வேலி நகர்வது பக்கத்து நிலத்துக்காரன் வேலை என்பது அவர் கணக்கு. தன்னை விரட்டிவிட்டு நிலத்தை அமுக்கப் பார்க்கிறான். தெல்மாவையும் அவர் முழுசாக நம்பவில்லை.

"எங்கூட வந்துடுங்க பெரியப்பா. இந்த வீடு நிக்காது."

"உன் சமையலத் திங்கறதுக்குக் கடலே தேவலாம். வேலிக்காலப் பிடி."

பழைய இடத்தில் அவள் வேலிக்காலைப் பிடித்தாள். அவர் சம்மட்டியால் ஒரு போடு போட்டார்.

அடியிலிருந்து யாரோ பதிலுக்கு அடித்தார்கள்.

அலையாக இருக்கும். மறுபடி ஓங்கினார்.

இந்தத் தடவை அவர் அடிக்கும் முன்பே சத்தம் வந்தது.

ஈரக் களிமண் வாடை குப்பென்று ஏறியது. தெல்மா பின்னால் போய் விழுந்தாள், பிடரியைப் பிடித்து இழுத்த மாதிரி. அவள் நின்ற புல்தரை சத்தமில்லாமல் இறங்கிப் போனது.

அவள் கழுத்தில் செம்மண், ஐந்து விரல் தடமாக.

அதைத் தொட்டுப் பார்த்தாள். "அப்பா கை," என்றாள் மெதுவாக.

வழுக்கியிருக்கும் என்றார் எல்லரி. கெஞ்சிப் பார்த்தாள். அவர் அசையவில்லை. நாளைக்கு ஆட்களோடு வருகிறேன் என்று போனாள்.

மறுநாள் நன்றாக விடிந்த பிறகு ஜன்னலில் பார்த்தார். கடல் பக்கம் வேலியே இல்லை. திருட்டுப்பயல்கள் என்று வாசல் கதவைத் திறந்தார்.

வேலி அங்கே நின்றது. வீட்டுக்கும் சாலைக்கும் நடுவே.

வீடு கடல் பக்கம்.

காலடிப் பலகை அதிர்ந்தது. பனிக்குள் யாரோ கடைசி வேலிக்காலை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லரி வேலிவரை நடந்தார். கோபம் வரவில்லை. பயமும் வரவில்லை.

"இங்க நட்டா எனக்கு ஏதுடா வழி, லோர்ன்?"

அடிக்கிற சத்தம் நின்றது.

மேல் கம்பி மெல்ல உயர்ந்தது. கீழ்க்கம்பி மிதிபட்ட மாதிரி தாழ்ந்தது. ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு விலகி, அப்படியே நின்றன.

பிடித்திருந்த கையைக் காணோம்.

எல்லரி குனிந்து நுழைந்தார். முதுகில் உப்புத் தண்ணீர் சொட்டியது.