பின்னாடியே வர்றார்

“மாமா, அந்தப் பக்கம் நடக்கிறவங்க நமக்கு முன்னாடி போறாங்களா, பின்னாடி வர்றாங்களா?”

கண்ணாடிக்கடைக்காரரிடம் மச்சானின் மகள் ஏழு வயதில் கேட்ட கேள்வி. பள்ளத்தின் இடது விளிம்பில் ஏறி, அதன் தலைப்பில் இருக்கும் மரப்பாலத்தைக் கடந்து, வலது விளிம்பு வழியாகத் திரும்பி, புறப்பட்ட வாசலிலேயே வந்து முடியும் வட்டப் பாதை அது. நடுவில் அதல பாதாளம். இரண்டு பக்கமும் சுவர் மாதிரி நிற்கும் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. இந்த விளிம்பில் நடப்பவருக்கு அந்த விளிம்பில் நடப்பவர் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருப்பதுபோல் தெரியும். போய்ச் சேரத்தான் அரை நாள் பிடிக்கும்.

கண்ணாடிக்கடைக்காரர் பதில் யோசிப்பதற்குள் மச்சான் முந்திக்கொண்டார். “வட்டத்துல ஏதும்மா முன்ன பின்ன? நாம நடக்கிற வரைக்கும் அவன் பின்னாடி. நின்னோம்னா வந்து பிடிச்சிடுவான்.” பிறகு கண்ணாடிக்கடைக்காரரின் முதுகில் ஒரு தட்டு. “உன் மாமாவை யாரும் துரத்தவே வேணாம். அவரே மூச்சு வாங்கி நின்னுடுவார்.”

அந்தக் கேலி அவருக்கு இப்போது நினைவுக்கு வந்ததற்குக் காரணம் இருந்தது. வாசல் கொட்டகையில் காவலாளி எடுத்துக் கொடுத்த பித்தளை டோக்கன் ஈரமாக இருந்தது. வாரக்கணக்கில் மழையில்லாத ஊர். பலகையில் ஆணி ஆணியாகத் தொங்கிய மற்ற டோக்கன்கள் எல்லாம் வெயிலில் காய்ந்து கிடந்தன. இது மட்டும் சில்லென்று, விளிம்பில் வெள்ளைச் சேறு அப்பி, அப்போதுதான் எதிலிருந்தோ தோண்டி எடுத்ததுபோல் இருந்தது.

அங்கே நடைமுறை எளிது. உள்ளே போகிறவர் ஒரு டோக்கன் எடுத்துக்கொள்வார், திரும்பி வந்து அதே ஆணியில் மாட்டுவார். சாயங்காலம் காவலாளி பலகையைப் பார்ப்பார். ஓர் ஆணி காலியாக இருந்தாலும் வீட்டுக்குப் போகமாட்டார். டார்ச்சை எடுத்துக்கொண்டு மேலே ஏறிவிடுவார்.

“தனியாவா சார்?” என்றார் காவலாளி. பிறகு முகத்தைப் பார்த்து அடையாளம் கண்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார். “மூணு வருஷம் ஆச்சு இல்ல சார், உங்க மச்சான் போயி?”

“ஆமா.”

“அன்னிக்கு நான் உள்ள டிபன் பாக்ஸ் கழுவிட்டிருந்தேன். ‘ரெண்டு பேரும் வந்தாச்சா சார்’னு கேட்டேன். ‘பின்னாடியே வர்றார்’னு சொன்னீங்க. பலகையைப் பார்த்தேன், எல்லா டோக்கனும் இருந்துச்சு. சரி, வந்துட்டார்னு பூட்டிட்டுப் போயிட்டேன். அவர் தொப்பியை மறந்துட்டு மறுபடி மேல ஏறினது எனக்குத் தெரியாமப் போச்சே.” காவலாளி டோக்கனைத் தொட்ட விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டார். “இன்னிக்கும் ராத்திரியில முழிப்பு வந்துடும் சார். ஒரு எட்டு வெளிய வந்து பார்த்திருக்கலாம்.”

‘உங்க மேல தப்பில்லைய்யா.’ அவ்வளவு சொன்னால் போதும். ஒரு மனிதனின் தூக்கத்தைத் திருப்பிக் கொடுக்க அதற்கு மேல் செலவில்லை. கண்ணாடிக்கடைக்காரர் டோக்கனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார்.

அவர் வந்தது ஷூவுக்காக.

நான்கு நாளைக்கு முன் மச்சானின் மகள் போனில் பேசினாள். இப்போது கல்லூரியில் படிக்கிறாள். “மாமா, வலது பக்கம் இருக்கிற பாறைத் தளத்துல திங்கட்கிழமையிலிருந்து வேலி போடறாங்களாம். வெடிப்பையெல்லாம் சுத்தம் பண்ணுவாங்களாம். அப்பாவோட ஒத்தை ஷூ மட்டும் கிடைக்கவே இல்லையே, பார்த்தா எடுத்து வைங்கன்னு சொல்லியிருக்கேன்.”

“ரொம்ப நல்லதும்மா,” என்று சொன்ன அன்றிரவு அவருக்கு ஒரு கவளம் இறங்கவில்லை. மச்சான் வாசல் வரை வந்துவிட்டு, இடது விளிம்பின் முதல் திருப்பத்தில் விட்ட தொப்பியை எடுக்கத் திரும்பிப் போனார் என்பதுதான் அவர் எல்லோரிடமும் சொன்ன கதை. பள்ளத்து வெள்ளம் உடலை அடித்துக்கொண்டுபோய் வெகுதொலைவில் ஒதுக்கிவிட்டதால் எங்கே விழுந்தார் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஆனால் ஷூ, வலது விளிம்பில், பாதையின் கடைசிப் பகுதியில், அந்தத் தளத்தின் ஒரு வெடிப்பில் சொருகிக் கிடந்தால்?

மனைவியிடம் லென்ஸ் கொள்முதலுக்கு வெளியூர் போவதாகவும் இரண்டு நாளாகும் என்றும் சொல்லிவிட்டு, காரையும் எடுக்காமல், பஸ்ஸில் வந்திருந்தார்.

இடது விளிம்பில் ஏற ஏற, காய்ந்த புல்லின் மணமும், வெள்ளையடித்த சுவரில் முதல் தூறல் பட்டதுபோன்ற சுண்ணாம்பின் குளிர்ந்த வாசனையும், எங்கோ பாறைக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் நீரின் முணுமுணுப்பும் கலந்து அவரோடு கூடவே வந்தன. வானத்தில் மேகம் சாம்பலாகத் திரண்டு, பள்ளத்தின் வெள்ளைச் சுவர்களில் மிச்சமிருந்த வெளிச்சத்தையும் மெல்ல உறிஞ்சிக்கொண்டிருந்தது. வயது ஐம்பத்தைந்து. கிட்டப் பார்க்கத்தான் கண்ணாடி வேண்டும். தூரத்துப் பார்வையில் இன்னும் பழுதில்லை. எதிர்ச் சுவரில் கூடு கட்டும் பறவையின் அலகுகூடத் தெரிந்தது.

அதனால் அந்த ஆளும் தெரிந்தார்.

எதிர் விளிம்பில், பாறைத் தளத்தின் நடுவில், தொப்பி போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஒரு கால் நீட்டியிருந்தது. இன்னொரு கால் முழங்காலுக்குக் கீழே பாறைக்குள் போயிருந்தது. பள்ளத்தைப் பார்க்காமல், வானத்தைப் பார்க்காமல், நேராக இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடிக்கடைக்காரர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தபோது, தளத்தில் யாருமில்லை.

‘வெயில்ல நடந்தா இப்படித்தான்,’ என்று சொல்லிக்கொண்டார். வெயில் இல்லை.

அதற்குப் பிறகுதான் சத்தம் கேட்க ஆரம்பித்தது. பின்னால், ஒரு திருப்பம் தள்ளி. டக். சரக். டக். சரக். ஒரு கால் ஷூவோடு கல்லில் வைப்பது. இன்னொரு கால் வெறுமையாய் இழுபடுவது. அவர் நின்றால் அதுவும் நின்றது. இல்லை, அவர் நின்ற பிறகு இன்னும் ஓர் அடி வைத்துவிட்டு நின்றது. அப்புறம் அவர் நிற்கவில்லை.

பாலத்தில் ஏறும்போது பின்னாலிருந்து வேகமாக வந்த காலடிக்கு அவர் கிட்டத்தட்டக் கத்திவிட்டார். ஒரு பெண். முதுகில் பை, கையில் ஊன்றுகோல், நடுத்தர வயது.

“பயந்துட்டீங்களா சார்? மன்னிச்சிடுங்க. எங்க ஆஸ்பத்திரியிலயும் இப்படித்தான், நான் வந்தாலே நோயாளிங்க ஊசின்னு நினைச்சு எந்திரிச்சு உட்கார்ந்துடுவாங்க.” சிரித்தவள் அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். “வேர்த்துக் கொட்டுதே. தண்ணி குடிங்க. அந்தப் பக்கம் பாறை வழுக்கும், வாங்க, சேர்ந்தே இறங்கிடலாம்.”

கூட ஆள் இருந்தால் வெடிப்பில் கை விட முடியாது.

“இல்லம்மா, நீங்க போங்க. நான் மெதுவா வர்றேன்.”

“இந்தக் கம்பையாவது வச்சுக்கங்க. வாசல்ல குடுத்துட்டுப் போங்க, நான் நாளைக்கு வந்து வாங்கிக்கறேன்.”

“வேணாம்னு சொல்றேன்ல?”

அவள் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை. நாலு எட்டுப் போனவள் திரும்பினாள். “அதுவும் சரிதான். உங்களுக்குத்தான் துணை வருதே. பாவம், ஒரு கால்ல ஷூ இல்லாம நடக்கிறார். நான் கட்டுப் போடட்டுமான்னு கேட்டேன், வேணாம்னுட்டார்.”

“யாரு?”

“தொப்பி போட்டவர். ‘மாப்பிள்ளை முன்னாடி போறார், நான் பின்னாடியே வர்றேன்’னாரே.”

அவள் போய்விட்டாள். கூப்பிட்டிருக்கலாம். இப்போதும் ஓடிப்போய் அந்தக் கம்பைப் பிடித்திருக்கலாம். கடவுள் மனிதனுக்கு வழி காட்டும்போது இடி முழக்கிக் காட்டுவதில்லை. பெரும்பாலும் இப்படித்தான், ஒரு கம்பை நீட்டிக் காட்டுகிறார்.

பாறைத் தளம் வந்தது. சாம்பல் நிறப் பாளங்கள், கத்தியால் கீறியதுபோல் குறுக்கும் நெடுக்குமாக ஆழமான வெடிப்புகள். மூன்று வருடத்துக்கு முன் மச்சானின் கால் இங்கேதான் மாட்டியது. கணுக்கால் வரை இறங்கி, திருகிக்கொண்டு, வெளியே வரவில்லை. காலையில் கடையில், வேலையாட்கள் முன்னால், “ஊருக்கெல்லாம் கண்ணாடி போடறார், வீட்டுல என் தங்கச்சி கண்ணைக் காட்டினாத்தான் இவருக்கு வழி தெரியும்,” என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்த மச்சான்.

“கையைக் குடுங்க மாப்பிள்ளே. இல்லேன்னா கீழ போய் வாட்ச்மேனைக் கூட்டிட்டு வாங்க. இந்தாங்க, என் டோக்கன். காட்டினா உடனே வருவார்.”

டோக்கனை வாங்கிக்கொண்டார். கை கொடுக்கவில்லை.

‘கொஞ்ச நேரம் கிடக்கட்டும். வாய் அடங்கட்டும்.’ அவ்வளவுதான் நினைத்தார். சத்தியமாக அவ்வளவுதான். கீழே வந்து, இரண்டு டோக்கனையும் மாட்டி, காரில் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் கழித்துச் சொல்லலாம் என்று இருந்தார். காவலாளி பூட்டிக்கொண்டு போனார். மழை பிடித்தது. சொன்னால் ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்பார்கள். மச்சானின் மகள் விடுதியில் இருந்தாள். மச்சான் வீட்டில் காத்திருக்க வேறு ஆளில்லை. கார் வீட்டுக்கு வந்துவிட்டது.

இப்போது மண்டியிட்டு வெடிப்பு வெடிப்பாகப் பார்த்தார். மூன்றாவதில் இருந்தது. பழுப்பு ஷூ. மூன்று வருட மழையும் வெயிலும் பட்ட பொருள் மாதிரி இல்லை. கயிறு முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது. தோள் வரை கையை விட்டு, விரலை உள்ளே நுழைத்து இழுத்தார்.

ஷூவின் உள்ளே சூடாக இருந்தது.

அப்போதுதான் ஒரு கால் கழற்றியதுபோல். ஈரச் சூடு.

ஷூவோடு விதிர்த்துப் பின்வாங்கினார். வலது கால் நழுவியது. பக்கத்து வெடிப்பு. கணுக்கால். திருகல். வலி உச்சந்தலைவரை போனது.

இழுத்தார். வரவில்லை. தன் ஷூக் கயிற்றை அவிழ்க்க இடுக்கில் கை நுழையவில்லை.

டக். சரக்.

பின்னால். திருப்பம் தள்ளி இல்லை. தளத்தின் மேலேயே.

டக். சரக்.

திரும்பவில்லை. ஈரச் சுண்ணாம்பின் வாசனை காதோரம் வந்து நின்றது. சட்டைப் பையில் ஏதோ லேசாக உரசியது. சட்டையில் ஒட்டிய தூசியை எடுத்துவிடும் கை. அவ்வளவு பக்குவமாக.

“நீங்க மெதுவா வாங்க மாப்பிள்ளே.”

காலடி அவரைத் தாண்டிப் போயிற்று.

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். டோக்கன் இல்லை.

தளத்திலிருந்து பார்த்தால் கீழே வாசலும், கொட்டகையும், பலகையும் தெரியும். எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. பழுதில்லாத பார்வை. நர்ஸ் டோக்கனை மாட்டிவிட்டுப் போனாள். காவலாளி டிபன் பாக்ஸோடு உள்ளே போனார்.

“ஐயா!” என்று கத்தினார். “வாட்ச்மேன் ஐயா! உங்க தப்பில்ல! நான்தான்! நான்தான் மாட்டினேன்!”

எதிர்ச் சுவர் அந்தச் சத்தத்தை வாங்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்து, திருப்பிக் கொடுத்தது. அவர் குரலில் இல்லை.

“கொஞ்ச நேரம் கிடக்கட்டும்.”

வாய்விட்டு ஒருவரிடமும் சொல்லாத வார்த்தை.

பிரார்த்தனை செய்ய வாயெடுத்தார். கையை நீட்டி உதவி கேட்ட ஒருவரின் முகம்தான் முன்னால் வந்து நின்றது.

கீழே கொட்டகையின் முன் தொப்பி தெரிந்தது. பலகை அருகில் நின்றது. கை உயர்ந்தது. காலியாக இருந்த ஒரே ஆணி. மாட்டியது. அவசரமில்லாமல், சத்தமில்லாமல். உள்ளே காவலாளியின் முதுகு. அதை யாரும் பார்க்கவில்லை.

காவலாளி கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். இப்போதெல்லாம் ஒரு எட்டு வெளியே வந்து பார்க்கிறவர். பாதையைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். ஆணி ஆணியாக விரல் வைத்து, ஒருமுறைக்கு இரண்டுமுறை பார்த்தார். பிறகு நெஞ்சில் கை வைத்து நின்றார். எல்லோரும் பத்திரமாக வந்துவிட்டார்கள்.

வாசலைப் பூட்டினார். சைக்கிள் மணி ஒருமுறை கிணுகிணுத்தது. போய்விட்டார்.

முதல் துளி பாறையில் விழுந்தது.

தொப்பி திரும்பியது. அண்ணாந்து பார்த்தது. பிறகு இடது விளிம்பின் பாதையில், முதல் அடியிலிருந்து, ஏற ஆரம்பித்தது. சுற்றி வர.

டக். சரக்.

முன்னாடி போகிறாரா. பின்னாடி வர்றாரா.

கையில் ஷூ ஆறவே இல்லை. கீழே, பூட்டிய வாசலுக்கு உள்ளே, ஆளில்லாத பலகையில், ஒரே ஒரு டோக்கன் மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து வெள்ளையாகச் சொட்டிக்கொண்டிருந்தது.