எழுப்பாமல் விட்ட மணி

கட்டிலில் கிடந்த ஆளைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. மூன்று வாரத்துக்கு முன் இதே வார்டில், இதே மாதிரி தலைக்காயத்தோடு செத்துப்போனவளின் புருஷன்.

அவள் மாடிப்படியில் விழுந்தாள் என்று அன்று சொன்னான். கழுத்தில் இருந்த விரல் தடத்தை நாங்களும் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டோம். மணிக்கொரு தரம் அவளை எழுப்பிப் பேசவைத்து, கண்ணில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டியது நர்ஸான என் வேலை. "இப்பதான் தூங்குறா, விடுங்க சிஸ்டர்," என்றான். விட்டேன். பகல் இரண்டு மணிக்குப் பார்த்ததாகச் சார்ட்டில் எழுதியும் வைத்தேன். மூன்று மணிக்கு அவள் எழவில்லை.

இப்போது இவன். குளியலறையில் யாரோ பிடித்துத் தள்ளினார்களாம். வீட்டிலோ தனியாள்.

"மண்டையைத் திறக்க வேணாம்," என்றார் டாக்டர். "மூளையைச் சுத்தி ரத்தம் மெல்லத்தான் கசியுது. மணிக்கட்டு வழியா டியூப் விட்டு, கசியுற ரத்தக்குழாயைப் பசை வெச்சு அடைச்சாச்சு. நீ மணி தவறாம பாத்துக்கம்மா, போதும்."

படுபாவிதான். ஆனாலும் இன்னொரு சாவு என் கையால் வேண்டாம் என்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

பகல் இரண்டு மணி. ஜன்னலில் வெயில் பளீரென்று அடித்தது. திரைக்குள் நுழைந்தால் குப்பென்று ரத்த வாடை.

"உங்க பேரு சொல்லுங்க."

"அவளை நிறுத்தச் சொல்லுங்க சிஸ்டர்..." என்று கிசுகிசுத்தான்.

தலையணையிலிருந்து அவன் தலை தானாக எழும்பியது. அவன் முடி கொத்தாக மேலே இழுபட்டு நின்றது.

டங்!

கட்டில் கம்பியில் மோதியது.

மறுபடி. மறுபடி.

நெற்றி பிளந்து ரத்தம் என் முகத்தில் சூடாகத் தெறித்தது. பாய்ந்துபோய் இரண்டு கையாலும் அவன் தலையைப் பிடித்தேன். கம்பிக்கும் மண்டைக்கும் நடுவில் என் விரல்கள் நொறுங்கின.

"ஐயோ, விடும்மா! கொன்னது அவன்தான், சரி. எழுப்பாம விட்டவ நான்! அடிக்கணும்னா என்னை அடி!"

சட்டென்று நின்றது.

அவன் பிழைத்துக்கொண்டான். மறு ஸ்கேனில் புதுக் கசிவே இல்லை. போலீசிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள், என் வேலையும் போனது. மனசு லேசாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

நேற்று பகல், கட்டுப் போட்ட கையோடு வீட்டில் தனியாகப் படுத்திருந்தேன். யாரோ தோளை உலுக்கி எழுப்பினார்கள்.

"உங்க பேரு சொல்லுங்க, சிஸ்டர்."

என் முடியைக் கொத்தாகப் பிடித்த விரல்கள் சில்லென்று இருந்தன.