மூன்று சோழிகள்

விடிந்தும் விடியாத நேரத்தில் வயிற்றின் மேல் ஏதோ சில்லென்று பட, சுலேகா திடுக்கிட்டு விழித்தாள். மாமியார் விபாவதி குனிந்து நின்றிருந்தாள். நிறைமாதமாகாத அந்த வயிற்றின் மேல் மூன்று சோழிகள்!

“இத எனக்கு வித்துடு, பௌமா, என் மருமகளே… உன் வயித்துல எதுவும் தங்காது. ரெண்ட முழுங்கினவடி நீ! என் கைக்கு மாறிட்டா எமனுக்கு அடையாளம் தெரியாது.”

வங்காளத்துச் சந்தன்நகரில் இதைக் கேட்டு யாரும் சிரிக்க மாட்டார்கள். பிள்ளை தங்காத வீட்டில் பிறந்த குழந்தையை மருத்துவச்சிக்கு மூன்று சோழிக்கு விற்று, அந்தப் பொருளிலேயே தீன்கொரி என்று பெயரிடுவது பழைய வழக்கம். சுலேகாவின் கணவன் தீன்கொரி அப்படி விற்கப்பட்டவன்தான். எமன் காதில் விழுந்துவிடுமென்று, பெற்ற விபாவதி அவனை ஒருநாளும் ‘மகனே’ என்று கூப்பிட்டதில்லை. தான் பறிகொடுத்த பிள்ளைகளை மறந்துவிட்டு மருமகளை ஏச மட்டும் அவளுக்கு நன்றாக வந்தது!

பூட்டிய பூஜையறையில், அவனை விற்று வாங்கிய அந்தச் சோழிகள் விடியற்காலையில் தானாக உருளும். சுலேகா பலமுறை கேட்டிருக்கிறாள். விளையாடும் சத்தம் போலவே இருக்கும்.

“வயித்து நீர எடுத்துப் பாத்தாங்களே, இன்னிக்கு முடிவு வருது மா… அப்புறம் நீங்களே வெச்சுக்கோங்க” என்று சுலேகா அழுதாள். குழந்தை பிழைத்தால் போதும், யார் கையில் வளர்ந்தால் என்ன!

தீன்கொரியோடு மருத்துவமனைக்குக் கிளம்பியபோது விபாவதியும் விடாப்பிடியாக வந்தாள். டாக்டரம்மா சிரித்தாள்.

“குழந்தை நல்லா இருக்கு. ரெண்டு குரோமோசோம் துண்டு இடம் மாறியிருக்கு, அவ்வளவுதான். குறைவும் இல்ல, கூடுதலும் இல்ல. அப்பாவுக்கும் இதேதான். கலைஞ்சுபோனதுங்களுக்குத்தான் துண்டு சரியா சேரல.”

“அப்பாவுக்கா?” விபாவதி இடைமறித்தாள். “இவகிட்டதான் கோளாறுன்னு…”

“இவங்க ரத்தத்துல ஒண்ணுமில்லையே! போன வருஷமே சொன்னேனே. அவருக்கு அவரோட அம்மாகிட்ட இருந்தோ அப்பாகிட்ட இருந்தோ வந்திருக்கலாம்.”

தீன்கொரி தலைகுனிந்தான். “சொன்னா நீ உடைஞ்சுடுவன்னு சுலேகாதான் என் தலையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டா மா… நானும் கோழை மாதிரி இருந்துட்டேன்.”

வீடு திரும்பும் வழியில், கங்கைப் படித்துறையில் விபாவதி திடீரென்று சுலேகாவின் காலில் விழப்போனாள். சுலேகா பதறி அவளைத் தாங்கிக்கொண்டாள்.

“எல்லாப் பழியையும் சுமந்தியேடி… நான் என்ன பாவி!”

“பாவமில்ல மா. யாரும் முழுங்கல. உங்க புள்ளைங்களையும் நீங்க முழுங்கல.”

அதைக் கேட்டதும் அந்தக் கிழவி குழந்தையாக விம்மினாள். சுலேகா அவள் முந்தானையில் முடிந்திருந்த சோழிகளை அவிழ்த்து அவளுடைய உள்ளங்கையில் வைத்தாள்.

“வித்த விலை இது. கங்கையில திருப்பிக் குடுத்துட்டு, உங்க புள்ளைய நீங்களே வாங்கிக்கோங்க.”

சோழிகள் நீரில் மறைந்தன. விபாவதி தீன்கொரியின் பக்கம் திரும்பினாள். “மகனே…!” என்றாள், வாழ்நாளில் முதல்முறையாக.

மறுநாள் விடியலிலும் பூஜையறையில் சோழிகள் உருளும் சத்தம் கேட்டது. சுலேகா உறைந்துபோய் மாமியாரைப் பார்த்தாள். விபாவதி அவள் வயிற்றில் கை வைத்தாள்.

“பயப்படாத, மா. வரப்போறவனப் பாக்க வந்திருக்காங்க… தங்காமப் போன நம்ம புள்ளைங்கதான் எல்லாம்.”