கோறை விழுந்த சத்தம்

சாப்பிடும்போது கேதீஸ்வரிக்குப் புரைக்கேறியது. பக்கத்தில் இருந்த பிரதீஸ் மனைவியின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினான். மூன்றாவதுக்கு ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. அந்தச் சத்தம் அவனுக்குத் தெரிந்த சத்தம்.

தன்னாமுனைப் பக்கம் வீதியோர மரங்களைத் தட்டிப் பார்ப்பதுதான் அவன் வேலை. மாரிக் காற்றுக்கு எது விழும், எது நிற்கும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். இலையைப் பார்த்து ஒரு மண்ணும் சொல்ல முடியாது. உள்ளே கோறை விழுந்து வெறும் குழாயாகிப்போன வாகைதான் சில வருடம் கொத்துக் கொத்தாய்ப் பூக்கும். அடிமரத்தில் காதை ஒட்டிக்கொண்டு மரச்சுத்தியலால் தட்ட வேண்டும். நல்ல மரம் 'டொக்' என்று வாயை மூடிக்கொள்ளும். உளுத்தது 'பொம்' என்று இழுக்கும்.

கேதீஸ்வரியின் முதுகு இழுத்தது.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். டொக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒரு குறையும் இல்லை, உங்களை விட நன்றாக இருக்கிறா என்று சிரித்தார். அயலிலும் அதே பேச்சு. கேதீஸ்வரிக்கு வயதே போகவில்லையாம். பிரதீசுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளிப்பச்சையைப் பார்த்து ஏமாறுகிற சனம். அவளை விட்டால் அவனுக்கு இந்த உலகத்தில் யார் இருக்கிறார்கள்? அவளைக் கேட்டால், தனக்கு ஒன்றும் இல்லை, போய் வேலையைப் பாருங்கள் என்று சிரித்தாள். சிரிப்புக்குப் பிறகும் சத்தம் கொஞ்சம் மிச்சமிருந்தது.

அன்று பின்னேரம் வாவிக் காற்று ஓலைவேலியை உரசி, முற்றத்துச் சருகைக் கூட்டி, குசினி வாசல்வரை வந்து நின்றபோது, அதோடு சேர்ந்து ஒரு மணமும் வந்தது; மழையில் ஊறி, வெயில் காணாமல், உள்ளுக்குள்ளேயே பொடியாகிப்போன பலகையின் மணம். அது வேலியிலிருந்து வரவில்லை. கேதீஸ்வரி அவனுக்கு முதுகு காட்டி, திருவலையில் குந்தித் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள்.

அவன் கிட்ட வந்தான். பின்னால் போய்க் குனிந்தான். பிடரிக்குக் கீழே, சட்டை மறைக்காத இடத்தில், விரலை வைத்தான்.

தோல் குளிர்ந்திருந்தது.

கொஞ்சம் அழுத்தினான்.

விரல் உள்ளே போனது.

இரத்தம் இல்லை. எலும்பும் இல்லை. காய்ந்த இருட்டு. அடிக்கணுவரை போயும் விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.

"இத்தின வருசமா மரத்தையெல்லாம் தட்டினீங்க," என்றாள் கேதீஸ்வரி. திரும்பவில்லை. திருவுவதை நிறுத்தவும் இல்லை. "புள்ள வயித்துக்குள்ள செத்த மாசத்தில இருந்து நான் இப்பிடித்தான். எழும்பிச் சமைச்சன் எண்டதும் சுகம் எண்டு நினைச்சிட்டீங்க."

அவனுக்கு அழுகை வந்தது. விரலை மெல்ல இழுக்கப் பார்த்தான். அவள் தோள்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. எங்கோ ஆழத்தில் ஒரு முறிவுச் சத்தம்.

"எடுக்காதீங்க," என்றாள், மிகச் சாதாரணமாக. "எடுத்தா விழுந்திருவன்."

அவன் எடுக்கவில்லை.

இருட்டிவிட்டது. அடுப்பில் சோறு கருகியது. தேங்காய் முடிந்த பிறகும் அவள் கை நிற்கவில்லை. திருவலை வெறும் சிரட்டையைக் கரகரவென்று சுரண்டிக்கொண்டே இருந்தது. உள்ளே, அவன் விரல் நுனியில், எதுவோ ஏறி ஊரத் தொடங்கியது.