முன்னோடி போய்வந்த இணைப்பு

"கடல் ஒலி நிலையம், கேட்பாளர் பணிக்கான விண்ணப்பம்: உங்களுக்குக் கிடைக்காது" என்றது முன்னோடி.

ஜெனோவா காதில் மாட்டியிருந்த செவிமணியைச் சத்தமாக வைத்திருந்தாள். அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அக்கா பிலோமிக்கும் கேட்டது.

"அதுவே கிடைக்காதுன்னு சொல்லுது. பொறவு எதுக்குட்டி அதுல போயி முட்டுத?"

"முட்டிப் பாக்கலாம்லா. இன்னைக்கு அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்கு."

"உனக்கு வரன் பாக்கதையே நான் விட்டுட்டேன். எந்தப் பையனோட பக்கத்தத் தொட்டாலும் பேச்சு பாதியில நின்னுரும்னு சொல்லுது."

"அந்த ஒரு விஷயத்துக்கு அதுக்கு நான் நன்றி சொல்லணும்."

தூத்துக்குடியில் திரை வைத்திருக்கும் வீடுகள் இப்போது குறைவு. பார்வை உள்ளவர்களும் இணையத்தைக் காதால்தான் கேட்கிறார்கள். செவிமணி ஒன்றை மாட்டிக்கொண்டால் போதும். பக்கங்களை அது படித்துச் சொல்லும்.

ஜெனோவாவுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. அவள் கல்லூரியில் படித்தபோது எல்லோரிடமும் திரை இருந்தது. அவளிடம் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் இருந்தது. ஒரு பக்கத்தில் உள்ள இணைப்புகளை வரிசையாகச் சொல் என்று கேட்டால் அது சொல்லும்: இங்கே, இங்கே, மேலும், இங்கே. பார்க்கிறவர்களுக்குச் சுற்றியுள்ள எழுத்து பொருள் சொல்லிவிடும். கேட்கிறவளுக்கு அது வெறும் 'இங்கே'. தேர்வுக்குப் பெயர் பதியப் போனவள் கல்லூரி ஆண்டுவிழாப் படங்களுக்குள் போய் விழுந்திருக்கிறாள்.

இணைப்புக்குப் பெயர் வேண்டும் என்று கேட்டவர்களில் அவளும் ஒருத்தி. அரசுக் குழுவின் முன் எழுந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்: "ஓர் இணைப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பது, போவதற்கு முன்பே எனக்குத் தெரிய வேண்டும்."

குழு குறித்துக்கொண்டது. எதுவும் நடக்கவில்லை. பிறகு திரைகள் போயின. பார்வை உள்ளவர்களின் காதிலும் 'இங்கே, இங்கே' என்று விழுந்தது. அதன் பிறகு முன்னோடி வருவதற்கு அதிக காலம் ஆகவில்லை. அது ஒவ்வோர் இணைப்புக்குள்ளும் முன்னால் ஓடிப் பார்த்துத் திரும்பி வந்து அதற்குப் பெயர் சொன்னது. அதன் உறையில் ஜெனோவாவின் வாக்கியத்தை அச்சிட்டிருந்தார்கள்.

முதலில் அது பக்கத்தின் பெயரை மட்டும் சொன்னது. அடுத்த பதிப்பில் உங்கள் விவரங்களையும் எடுத்துக்கொண்டு ஓடியது. 'விண்ணப்பம்' என்பது ஒரு பெயரா, அதில் உங்களுக்கு என்ன ஆகும் என்பதல்லவா பொருள் என்றது அதைச் செய்த நிறுவனம். முன்பு நடந்த முடிவுகளோடு உங்களை ஒப்பிட்டு அது முடிவைச் சொன்னது. திருச்செந்தூர்ப் பேருந்து: நின்றுகொண்டு போவீர்கள். தோல் மருத்துவர்: அதே களிம்பைத் தருவார். மக்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது. கிடைக்காத இடத்துக்கு யாரும் போவதில்லை.

கடல் ஒலி நிலையத்தில் ஒரே ஒரு கேட்பாளர் இடம் உண்டு. கடலுக்கு அடியில் உள்ள ஒலிவாங்கிகள் அனுப்புவதில் எந்திரத்துக்குப் பிடிபடாத ஒலிகளை ஒரு மனிதர் உட்கார்ந்து கேட்டு, இன்னது என்று சொல்ல வேண்டும். அந்த வேலைக்காகவே ஜெனோவா கடலொலியியல் படித்தாள். வேறு எதற்கும் அவள் விண்ணப்பித்ததில்லை.

"அனுப்பு" என்றாள்.

"கிடைக்காது" என்றது முன்னோடி.

"தெரியும். அனுப்பு."

அனுப்பியது. உடனே அடுத்ததையும் சொன்னது: "விண்ணப்பத்தின் நிலை: திறக்கப்படாது."

நிராகரித்தால் தாங்கிக்கொள்ளலாம். திறக்காமல் இருப்பதை அவளால் ஏற்க முடியவில்லை. தொலைபேசியை எடுத்து நிலையத்துக்கே பேசினாள். எடுத்தவர் குற்றாலிங்கம், பணித்தேர்வு அதிகாரி.

"திறந்தா நான் நிராகரிப்பேன்னு எங்க முன்னோடி சொல்லுதும்மா. அப்புறம் எதுக்குத் திறக்கணும்?"

"அது எதை வச்சு சார் சொல்லுது?"

அவர் தன் கருவியிடம் கேட்டார். "விண்ணப்பித்தவரின் முன்னோடியும் அதே முடிவைச் சொல்வதால்" என்றது.

ஜெனோவா தன்னுடையதைக் கேட்டாள். "நிலையத்தின் முன்னோடி அப்படிச் சொல்வதால்."



"முதல்ல யாரு சார் இல்லைன்னது?"

"நான்தாம்மா" என்றார் அவர். "கடைசியா ஆள் எடுத்தப்போ நிறைய பேரு வந்தாங்க. இருக்கது ஒரு இடம். ஒருத்தரை எடுத்துட்டு மத்தவங்களுக்கு இல்லைன்னுட்டேன்."

"அப்போ யாரு வந்தாலும் இல்லைன்னு சொன்னாத்தான் முன்னோடிக்குத் தப்பு வராது."

"அப்படித்தான் கத்துக்கிடுச்சு போல. எடுத்தவரு ஓய்வு பெற்றுப் போயாச்சு. இடம் காலியா கிடக்கு. கேட்காத ஒலி மலையா குவிஞ்சு கிடக்கு. தகுதியான ஆளே இல்லைன்னு நெனச்சேன்."

"முன்னோடியை நிறுத்திட்டுத் திறங்க சார்."

"நிறுத்தினா எது யாருதுன்னு தெரியாதேம்மா. பேரு சொல்லுறதே அதுதான்."

"நிறுத்துங்க."

ஒரு சிறு ஓசை. பிறகு அவருடைய செவிமணி வரிசையாகப் படிப்பது தொலைபேசி வழியாக அவளுக்கும் கேட்டது. திற, திற, திற, திற.

"என்னம்மா இது? இதுல நீங்க எங்க இருக்கீங்க?"

"ஏதாவது ஒண்ணைத் திறங்க. நான் இல்லைன்னா அடுத்தது."

"ஆண்டவா, எத்தனை இருக்கு" என்று முனகினார். கிடைக்காது என்று கேட்ட பிறகும் அனுப்பிய பிடிவாதக்காரி அவள் ஒருத்தி மட்டும் இல்லை.

முதலாவது அவளுடையது இல்லை. இரண்டாவதும் இல்லை. மூன்றாவதில் அவர் நின்றுவிட்டார்.

"ராமேஸ்வரத்துக்காரர். ஒலிப்பதிவாளரா இருந்திருக்காரு. ஏதோ அனுப்பியிருக்காரு, கேளுங்க."

கடல் கேட்டது. நீருக்கு அடியில் மணல் புரளும் சரசரப்பு. அதன் பின்னால், யாரோ ஈர விரலால் கண்ணாடியைத் தேய்ப்பதுபோல் ஒரு நீண்ட ஒலி. அந்த ஆள் அதை இரைச்சலிலிருந்து மிகச் சுத்தமாகப் பிரித்து எடுத்திருந்தார். இதே ஒலியைப் பிரிக்க ஜெனோவா இரண்டு ஆண்டுகளாக முயன்றும் அவளுக்கு அது இவ்வளவு சுத்தமாக வந்ததில்லை.

"நல்லா இருக்கா?" என்றார் குற்றாலிங்கம். அவருடைய குரலில் இருந்த சோர்வு போயிருந்தது.

அடுக்களையில் பிலோமி கத்தியைக் கீழே வைப்பது கேட்டது.

"நல்லா இருக்கு சார்" என்றாள் ஜெனோவா. "ரொம்ப நல்லா இருக்கு."

"இவரைக் கூப்பிட்டுப் பேசணும் போலிருக்கே. உங்களோடது எதுன்னு ஒரு நிமிஷம் முன்னோடியைப் போட்டுத் தேடிப் பாத்துடட்டுமா? அதை முதல்ல திறந்துடலாம்."

இந்தக் கேள்விக்கு எந்தப் பதில் சொன்னால் என்ன ஆகும் என்று அவள் தன் செவிமணியைக் கேட்டிருந்தால் அது சொல்லியிருக்கும். அவள் அதைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"வேண்டாம் சார். வரிசையிலேயே வரட்டும். அடுத்ததைத் திறங்க."