துவைக்காத ஜெர்சி

கணவரின் அலமாரியில் அந்தப் பச்சை ஜெர்சியின் அக்குள் மட்டும் ஈரமாக இருந்தது.

விரலை வைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. என்றோ செத்துப்போன ஒரு கூடைப்பந்து ஆட்டக்காரன் களத்தில் கழற்றிப்போட்ட ஜெர்சி அது. ஆட்டத்தில் அணிந்த ஜெர்சிகளைச் சேர்ப்பவர்கள் துவைக்க மாட்டார்கள். காய்ந்த வியர்வைதான் ஜெர்சி அசல் என்பதற்கு அவர்களுக்குச் சாட்சி. போட்டுப் பார்க்கவும் மாட்டார்கள். அவள் கணவர் ஒரே ஒருமுறை போட்டுப் பார்த்தார். அதோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆட்கள் வருவதற்குள் அவள்தான் அதைக் கழற்றி ஒளித்தாள். நாலு பேர் சிரிக்கக் கூடாதே.

தலையணை உறை முதல் சட்டைகள் வரை உறவுக்காரர்கள் உதவியாகத் துவைத்து மடித்துவிட்டார்கள். அவர் வாசனை மிச்சமிருந்தது இதில் மட்டும்தான்.

அடுத்த அறையில் அவருடைய நண்பர், அவரைப் போலவே ஜெர்சி சேர்ப்பவர், மற்ற ஜெர்சிகளைப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணி, எதையும் துவைச்சிடலையே?"

"இல்ல தம்பி."

"அதானே. அண்ணன் சோப்பைப் பார்த்தாலே பாம்பைப் பார்த்த மாதிரி குதிப்பாரு." சிரித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "அந்தப் பச்சை எங்க?"

"அது இருக்கட்டும். அவர் வேர்வை இருக்கு அதுல."

நண்பரின் கை நின்றது. "போட்டாரா? எங்கிட்ட சொல்லவே இல்லையே. குடுத்துடுங்க அண்ணி. அதை வீட்ல வெக்காதீங்க."

"ஏன்?"

நண்பர் கடைசிப் பெட்டியை ஒட்டித் தூக்கிக்கொண்டார். அவள் பச்சையைக் கொடுக்கவில்லை. வண்டி போகும் சத்தம் தெருமுனை வரை கேட்டது.

சாயங்காலம் மறுபடி முகர்ந்தாள். சவர சோப்பும் பழைய காகிதமும் கலந்த அவர் வாசனை ஒரு நூலிழையாக மெலிந்திருந்தது. அதன்மேல் ரப்பரும் மரத்தரையும் முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் உடம்பும் சேர்ந்த கனத்த நெடி ஏறிக்கொண்டிருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. அவர் போன நாளிலிருந்தே எதுவும் வரவில்லை. இதுவும் போய்விட்டால் அவர் முழுசாகப் போய்விடுவார் என்று மட்டும், வேறு யாரையோ பற்றி யோசிப்பதுபோல் யோசித்தாள். தன் உடம்புச் சூட்டில் அந்த வாசனை இன்னும் கொஞ்சநாள் தங்கலாம் என்று தோன்றியது.

தலைவழியாக மாட்டிக்கொண்டாள்.

முழங்கால்வரை தொளதொளவென்று தொங்கியது. ஈரம் இப்போது முதுகுவரை பரவி ஒட்டியது. கண்ணாடி முன்னால் நின்றாள். எங்கோ மரத்தரையில் ஓடும் காலடிச் சத்தம். பிறகு மூச்சு. யாரோ ஓடி வந்து நின்றதுபோல் இரைக்கும் மூச்சு. அவளுடையது இல்லை.

ஜெர்சி இப்போது தொளதொளவென்று இல்லை.

"நீங்கதானே?" என்றாள்.

துணி விம்மியது. தணிந்தது. மறுபடி விம்மியது.

வலப்பக்கக் கைத்துளையில் அவளுடைய மெலிந்த கை. இடப்பக்கத்தில் அவள் கைக்கு மேலாக இன்னொரு கை, நீளமாக, ஈரமாக. விரிந்த விரல்கள். மெதுவாக உயர்ந்தது. அவள் முகத்தை மூடியது.

கண்களை மூடி, ஆழமாக முகர்ந்தாள்.

அவர் இல்லை.